மலையில் மறைந்த பி-24: வாசகர் கேள்வி – பதில்

1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமின் சாபுவாவுக்குக் கிளம்பிய அமெரிக்க பி-24 விமானம் ஒன்று வந்து சேரவில்லை. அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். விமானத்தின் மூக்கில் எழுதியிருந்த பெயர் ‘ஹாட் ஆஸ் ஹெல்’. 2006-இல் அதன் உடைந்த பாகங்கள் அருணாசலப் பிரதேசத்தின் தம்ரோ கிராமத்தை ஒட்டிய மலையில் அடையாளம் காணப்பட்டன. இந்த விமானத்தையும், ‘ஹம்ப்’ என்று விமானிகள் அழைத்த, அஸ்ஸாமுக்கும் சீனாவுக்கும் இடையே மலைகளைத் தாண்டும் அந்த வான்பாதையையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

பி-24 குண்டு வீசும் விமானம் ஆயிற்றே, அது எதற்குச் சரக்கு ஏற்றப் போனது? – பள்ளி ஆசிரியர், கோவில்பட்டி

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். ஹம்ப் பாதையின் மொத்தச் சிக்கலும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

1942 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர் பர்மாவின் லாஷியோவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் பர்மா சாலை அறுந்தது. அதன் பிறகு சீனாவில் இருந்த அமெரிக்கப் படைக்குப் பெட்ரோல், குண்டு, டயர், மருந்து, தபால் எல்லாமே அஸ்ஸாமிலிருந்து ஆகாய வழியாகத்தான் போக வேண்டும். சாபுவா, டிஞ்சான், மோகன்பாரி, சூக்கரேட்டிங், ஜோர்ஹாட், தேஜ்பூர் ஆகிய ஓடுதளங்களிலிருந்து குன்மிங்குக்குச் சுமார் 800 கி.மீ. தூரம்.

குன்மிங் வட்டாரத்தில் இருந்த 308-வது குண்டுவீச்சுக் குழுவுக்கு மற்றவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பெட்ரோல் போதவில்லை. ஆகவே அவர்களே தங்கள் பி-24 விமானங்களை காலியாக அஸ்ஸாமுக்கு ஓட்டிவந்தார்கள். குண்டு அறையில் கூடுதல் தொட்டிகளை மாட்டி (ஒவ்வொன்றும் சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும்), பெட்ரோலும் குண்டுகளும் நிரப்பிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒருமுறை எதிரி இலக்கின் மேல் பறக்க, சராசரியாக மூன்று முறை மலையைத் தாண்டிவர வேண்டியிருந்தது. நான்கு எஞ்சின் விமானம் போக வர எரிக்கும் பெட்ரோலே ஒரு பெரும் பங்கு. எரித்தது போக மிச்சம் நிற்பதுதான் சண்டைக்கு.

தம்ரோவில் கிடந்த விமானமும் அப்படிச் சரக்குக்காக சாபுவாவை நோக்கி வந்ததுதான். அந்தக் குழுவினர் சண்டைக்குப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களைக் கொன்றது சாமான் எடுக்கப் போன பயணம். போர் வரலாற்றில் இப்படிப்பட்ட சாவுகளுக்கு இரண்டு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது எங்களுக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம்.

ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டுத்தானே இவ்வளவு விமானங்கள் விழுந்தன? – வாசகர், வேலூர்

இல்லை. சுடப்பட்டவை உண்டு, ஆனால் சிறு பங்கு. 1942 முதல் 1945 வரை அமெரிக்கப் படை இழந்தது சுமார் 600 விமானங்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,600-க்கு மேல். பெரும்பாலானவை வானிலை, பனிக்கட்டி, எஞ்சின் கோளாறு, வழி தவறியது, அதிக பாரம் என்ற காரணங்களால் போனவை.

ஜப்பானியரால் நேர்ந்த பெரிய கேடு வேறு வகை. வடக்குப் பர்மாவின் மிட்சினா விமானதளம் அவர்கள் கையில் இருந்தவரை, அமெரிக்க விமானங்கள் அதற்கு எட்டாத தூரத்தில், வடக்கே தள்ளிப் பறக்க வேண்டியிருந்தது. வடக்கே போகப் போக மலை உயரம். 15,000 அடி முகடுகள் அங்கேதான். 1944 மே மாதம் அந்தத் தளமும் ஆகஸ்டில் ஊரும் கைமாறிய பிறகுதான் தாழ்வான தெற்குப் பாதை திறந்தது. நம் பி-24 காணாமல் போனது அந்தத் தளம் கைமாறுவதற்கு நான்கு மாதம் முன்பு.

சாபுவாவுக்கு வர வேண்டிய விமானம் எப்படி அருணாசல மலையில் போய் மோதியது? காற்று அவ்வளவு தூரம் தள்ளுமா? – பொறியியல் மாணவி, திருச்சி

தள்ளும். தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

குன்மிங்கிலிருந்து சாபுவா மேற்கு-வடமேற்கு திசையில், ஏறக்குறைய 290 பாகையில் இருக்கிறது. பி-24 காற்றில் மணிக்கு சுமார் 320 கி.மீ. வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாவிட்டால் இரண்டரை மணி நேரப் பயணம்.

குளிர்காலத்தில் அந்த மலைகளுக்கு மேலே மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மணிக்கு 160 கி.மீ. வேகக் காற்று அடிப்பது சாதாரணம். தென்மேற்கு என்றால் 225 பாகை. பாதைக்கும் காற்றுக்கும் இடையே 65 பாகை. அந்தக் காற்றைப் பிரித்தால், எதிரே நின்று தடுக்கும் பங்கு மணிக்கு 68 கி.மீ., பக்கவாட்டில் வடக்கே தள்ளும் பங்கு 145 கி.மீ.

வானிலை அலுவலர் கொடுத்த தாளில் காற்று 80 என்று இருந்தது, உண்மையில் 160 அடிக்கிறது என்று கொள்ளுங்கள். விமானத்தில் வழி கணிக்கும் அலுவலர் 80-க்குத்தான் மூக்கைத் திருப்பி ஈடுகட்டச் சொல்லியிருப்பார். ஈடுகட்டாத மீதி மணிக்கு 70 கி.மீ.க்கு மேல். ஒன்றரை மணி நேரத்தில் விமானம் பாதையிலிருந்து 100 கி.மீ. வடக்கே போய்விடும். மேகத்துக்குள் பறப்பவருக்கு இது தெரியவே தெரியாது. திசைகாட்டி சரியாக இருக்கும், வேகமானி சரியாக இருக்கும், எஞ்சின் சீராக ஓடும்.

தம்ரோ இருப்பது சாபுவாவுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, 100 கி.மீ.க்குச் சற்று மேல். மேலே போட்டது உதாரணக் கணக்குதான். ஆனால் அன்றைக்குப் பார்வை மறைக்கும் மேகம் இருந்தது என்பதையும் விமானம் கிடந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தால், காற்றின் கை இதில் இருந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இதில் இரண்டாவது கண்ணி ஒன்றும் உண்டு. எதிர்க்காற்று கூடினால் தரைவேகம் குறையும். கடிகாரத்தைப் பார்த்து “மலை முடிந்திருக்கும், பிரம்மபுத்திரா சமவெளி வந்திருக்கும்” என்று விமானி இறங்கத் தொடங்குவார். மலை இன்னும் முடிந்திருக்காது. குன்மிங்கிலிருந்து திரும்பி வரும் பயணத்தில்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் திரும்பும் வழியில்தான் காற்று எதிரே நிற்கும்.

வானொலித் திசைகாட்டி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. அதன் முள் தரையில் உள்ள ஒலிபரப்பியை நோக்கித் திரும்பும். இடிமேகம் பக்கத்தில் இருந்தால் மின்னலின் இரைச்சலை நோக்கித் திரும்பிவிடும். இரவில் வானத்தில் பட்டுத் திரும்பும் அலைகளால் முள் அலையும். மோசமான வானிலையில்தான் கருவி வேண்டும். அந்த நேரத்தில்தான் அது நம்பக்கூடாததாக ஆகும். 1945 ஜனவரி 6-7 இரவில் வீசிய புயலில் பத்துக்கு மேற்பட்ட விமானங்கள் போனதற்கு இவையெல்லாம் சேர்ந்ததுதான் காரணம். அன்று விமானங்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி மேலே தூக்கப்பட்டு அதே வேகத்தில் கீழே அழுத்தப்பட்டன.

பனிக்கட்டி பிடிக்கும் என்கிறார்கள். எங்கே பிடிக்கும்? வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால்தானே? – மெக்கானிக், ஈரோடு

மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும்.

முதலில் கார்புரேட்டர். பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. குறுகலான தொண்டையில் காற்றழுத்தம் விழுவதாலும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 20 பாகை செல்சியஸுக்கு மேல் இறக்கிவிடும். ஆகவே வெளியே பிளஸ் 15 பாகை இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே கட்டி உறையும். தொண்டை அடைபட்டு, எஞ்சினுக்குப் போகும் காற்று குறைந்து, உறிஞ்சுகுழாய் அழுத்தமானியின் முள் மெதுவாக இறங்கும். அதைப் பார்த்தவுடன் சூடான காற்றுக் கதவைத் திறக்க வேண்டும். தாமதித்தால் எஞ்சினே சூட்டை இழந்துவிடும், பிறகு திறந்தும் பயனில்லை. கட்டி உருகி ஓடும்போது எஞ்சின் சில நொடி இருமும்; பயந்து கதவை மூடிவிடக் கூடாது. சி-46 கமாண்டோ சரக்கு விமானம் இந்தத் தொல்லைக்குப் பெயர் போனது.

அடுத்து இறக்கையின் முன்விளிம்பு. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மேகத்தில் மிதக்கும் நீர்த்துளிகள் பட்டவுடன் கெட்டியாகிவிடும். எடை கூடுவதைவிட, இறக்கையின் வடிவம் கெடுவதுதான் கொல்லும். பி-24 இறக்கை ஒல்லியான, நீளமான வகை. தூரம் பறக்கச் சிறந்தது, கட்டி பிடித்தால் மிகச் சீக்கிரம் தூக்கும் சக்தியை இழக்கும். அதே இறக்கையோடு செய்த சி-87 சரக்கு விமானத்தையும் விமானிகள் இதனாலேயே வெறுத்தார்கள்.

மூன்றாவது, வேகமானிக்குக் காற்றை எடுக்கும் சிறு குழாய். அது அடைபட்டால் வேகம் பொய்யாகக் காட்டும். சூடேற்றும் சுவிட்சைப் போட மறந்தால் போதும்.

ஒரு விமானத்தில் எத்தனை டிரம் ஏற்றுவார்கள்? வழியில் தீப்பிடிக்காதா? – லாரி உரிமையாளர், நாமக்கல்

ஒரு டிரம் 208 லிட்டர். பெட்ரோல் 150 கிலோ, இரும்போடு சேர்த்தால் 170 கிலோவைத் தாண்டும். சி-47 விமானத்தில் 13 டிரம் ஏற்றினாலே இரண்டேகால் டன். சி-46 இரு மடங்கு தூக்கும், 25 டிரம் வரை. சில தளங்களில் யானையே டிரம்மைத் தும்பிக்கையால் தூக்கி விமானத்துக்குள் வைத்தது.

18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பாதி. அஸ்ஸாம் வெயிலில் நிரப்பி மூடிய டிரம் மேலே போனதும் உப்பும். மூடியின் வளையம் தேய்ந்திருந்தால் மரைவழியே கசியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரைப்பலகைக்கு அடியில் போய்த் தேங்கும். ஒரு மின்பொறி போதும். சி-46-இல் இறக்கைக்குள் இருந்த எரிபொருள் குழாய்களே கசிந்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஆவி தேங்கியது. காற்றோட்டத் துளைகள் இல்லாததால் நடுவானில் வெடித்த விமானங்கள் உண்டு.

இன்னொன்று, கட்டுவது. லாரியில் சரக்கு நகர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். விமானத்தில் டிரம்கள் பின்னால் உருண்டால் எடைமையம் பின்னுக்குப் போய் மூக்கு தூக்கிக்கொள்ளும், வேகம் விழும், அதன்பின் விமானியால் ஆவதில்லை. கிளம்பும்போதே எஞ்சின் ஒன்று நின்றால் வாசல் வழியாக டிரம்களை உதைத்துத் தள்ள வேண்டும். அதனால் கயிறு இறுக்கமாகவும் இருக்க வேண்டும், சட்டென்று அவிழவும் வேண்டும்.

குதித்தவர்கள் யாராவது பிழைத்தார்களா? – வாசகர், புதுச்சேரி

நிறையப் பேர். சுமார் 1,200 பேர் மீட்கப்பட்டார்கள் அல்லது நடந்தே வெளியே வந்தார்கள். 1943 ஆகஸ்ட் 2 அன்று சாபுவாவிலிருந்து கிளம்பிய சி-46 ஒன்றில் இடது எஞ்சின் நின்றது. சாமான்களைத் தூக்கி எறிந்தும் உயரம் நிற்கவில்லை. அமெரிக்க வானொலி நிறுவனமான சிபிஎஸ்ஸின் செய்தியாளர் எரிக் செவரைட் உள்ளிட்டோர் நாகா மலைக்காட்டில் குதித்தார்கள். இருந்தவர்கள் 21 பேர், பிழைத்தவர்கள் 20. விழும் முன் இடத்தை வானொலியில் சொல்லியிருந்ததால் தேடும் விமானம் அன்றே வந்தது. மருத்துவர் டான் ஃபிளிக்கிங்கரும் இரண்டு உதவியாளர்களும் அவர்களுக்காகப் பாராசூட்டில் குதித்தார்கள்.

இதற்குப் பிறகுதான் தேடி மீட்பதற்கென்றே சாபுவாவில் கேப்டன் ஜான் போர்ட்டர் தலைமையில் தனிக்குழு உருவானது. ஆட்களைக் கண்டதும் உணவு, மருந்து, பூட்ஸ் எல்லாம் மேலிருந்து போடுவார்கள், மலைக்கிராம மக்கள் வழிகாட்டிக் கூட்டி வருவார்கள். போர்ட்டர் 1943 டிசம்பரில் அப்படித் தேடப் போன விமானத்திலேயே இறந்தார்.

விபத்துகளைக் குறைக்க ஒன்றுமே செய்யவில்லையா? – வாசகர், மதுரை

1944 தொடக்கத்தில் ஆயிரம் பறக்கும் மணிக்கு ஏறக்குறைய இரண்டு விபத்து. ஆயிரம் டன் சரக்குக்குச் சுமார் மூன்று உயிர். அந்த ஆண்டு செப்டம்பரில் பொறுப்பேற்ற ஜெனரல் வில்லியம் டன்னர், ஒவ்வொரு விமானத்தையும் தொழிற்சாலை வரிசைபோல் நிலையம் நிலையமாக நகர்த்திப் பராமரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒரே குழு எல்லா வேலையும் பார்ப்பதற்குப் பதில், ஒவ்வொரு நிலையத்திலும் அந்த வேலையில் தேர்ந்தவர்கள். விமானிகளுக்குச் சோதனைப் பறப்பு கட்டாயமானது. வானிலை சரியில்லையென்றால் நிறுத்தும் வழக்கமும் வந்தது. 1945-இல் விபத்து விகிதம் ஆயிரம் மணிக்கு அரைக்கும் கீழே வந்தது, அதுவும் சரக்கு பன்மடங்கு ஏறிய நிலையில். 1945 ஜூலையில் மட்டும் 71,000 டன். ஆகஸ்ட் 1 அன்று ஒரே நாளில் 1,118 பயணம், ஒரு விபத்தும் இல்லை. இந்த ஏற்பாடுகள் ஓர் ஆண்டு முன்பே வந்திருந்தால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.

ஒரு பெரிய விமானம் 60 ஆண்டுகளாக எப்படி யார் கண்ணிலும் படாமல் இருக்கும்? – இல்லத்தரசி, தாம்பரம்

உங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு வங்கக்கடலில் மறைந்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் பாகங்கள் கிடப்பதை தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கலம் படமெடுத்தது என்று 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள்.

மலையிலும் அப்படித்தான். 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலத்தின் மெச்சுகாவுக்குப் போன இன்னொரு ஏஎன்-32, 13 பேரோடு தம்ரோ இருக்கும் அதே சியாங் மலைப்பகுதியில் மோதியது. ஹெலிகாப்டர், செயற்கைக்கோள் எல்லாம் இருந்தும் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆனது. அது கிடந்தது 12,000 அடி உயரத்தில். 1944-இல் கையில் இருந்தது தேடும் விமானத்தின் சன்னலும் இரு கண்களும்தான். மோதிய விமானம் முழுசாக இருக்காது, துண்டுதுண்டாகச் சரிவில் சிதறும். அடர்ந்த காடு ஒரே மழைக்காலத்தில் அதை மூடிவிடும்.

யார் கண்ணிலும் படவில்லை என்பதும் சரியல்ல. அங்கே வாழும் ‘ஆதி’ என்ற பழங்குடியின் வேட்டைக்காரர்களுக்கு இப்படிப்பட்ட இடங்கள் தெரியும். போய்க் கேட்க ஆள் இல்லாததுதான் குறை. அரிசோனாவைச் சேர்ந்த மலையேறி கிளேட்டன் கூல்ஸ் கிராமம் கிராமமாகக் கேட்டு நடந்ததால்தான் ‘ஹாட் ஆஸ் ஹெல்’ கிடைத்தது.

துருப்பிடித்த தகட்டை வைத்து இன்ன விமானம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? – வாசகர், கோவை

எண்களை வைத்து. இந்த விமானத்தின் வரிசை எண் 42-73308. வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு 273308 என்று எழுதுவார்கள். வால் கிடைக்காவிட்டால் தயாரிப்பாளர் தகடு, எஞ்சின் எண், இயந்திரத் துப்பாக்கி எண். ஒரு விமானம் காணாமல் போனால் அமெரிக்கப் படை நிரப்பும் படிவத்தில் எஞ்சின்களின் எண்ணும் துப்பாக்கிகளின் எண்ணும் தனித்தனியே இருக்கும். காட்டில் கிடைத்த ஒரு துப்பாக்கி எண் அந்தத் தாளோடு பொருந்தினாலே விமானத்தை ஏறக்குறைய உறுதிசெய்துவிடலாம்.

மனித எச்சம் வேறு வேலை. அமெரிக்கக் குழு 2015 இலையுதிர் காலத்தில் தம்ரோவுக்கு மேலே ஏறித் தோண்டியது. இப்படிப்பட்ட இடங்களில் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மண்ணை ஆறு மில்லிமீட்டர் கண் வலையில் வாளி வாளியாகச் சலிப்பார்கள். பல், எலும்புத் துண்டு, பொத்தான் எதையும் விடமாட்டார்கள். பல் மருத்துவப் பதிவோடு ஒப்பிடுவார்கள், தாய்வழி உறவினரிடம் எடுத்த மரபணுவோடு பொருத்துவார்கள். இங்கே கிடைத்தவை 2016 ஏப்ரலில் டெல்லியில் மரியாதையோடு ஒப்படைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, குழுவில் ஒருவர் அடையாளம் காணப்பட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் அவர் ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இந்தியாவில் காணாமல் போன அமெரிக்க வீரர்கள் இன்னும் சுமார் 400 பேர்.

அருணாசலத்தில் மலையேறப் போகிறோம். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால்? – நண்பர்கள் குழு, சேலம்

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். வெடிக்காத தோட்டா இருக்கலாம். எலும்பு இருந்தால் அந்த இடத்தை மிதிக்கவும் கூடாது. ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்து, தூரத்திலிருந்து ஒன்றும் எண்கள் தெரிய அருகிலிருந்து ஒன்றுமாகப் படம் எடுங்கள். பக்கத்துக் கிராமத் தலைவரிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் சொல்லுங்கள். நினைவுக்கென்று ஒரு தகட்டைக்கூட எடுத்துவராதீர்கள். நீங்கள் எடுப்பது எண் உள்ள தகடாக இருந்துவிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பதிலே கிடைக்காமல் போகும்.

இவற்றை நேரில் பார்க்க முடியுமா? – வாசகர், நாகர்கோவில்

அருணாசலத்தின் பாசிகாட் நகரில் ‘ஹம்ப்’ இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகம் 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. மலைகளில் கிடைத்த விமானப் பாகங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். திப்ரூகர் வரை விமானத்தில் போகலாம். நீங்கள் இறங்கும் மோகன்பாரி நிலையமே பழைய ஹம்ப் தளங்களில் ஒன்று. அங்கிருந்து போகிபீல் பாலம் வழியாகப் பிரம்மபுத்திராவைத் தாண்டிச் சாலையில் பாசிகாட். அருணாசலத்துக்குள் நுழைய உள்எல்லை அனுமதிச் சீட்டு கட்டாயம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மழைக்காலத்தில் நிலச்சரிவால் சாலை அடைபடும், ஆகவே நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போவது நல்லது.